அரசாணிக்காயில் பொய் எச்சம்

இயற்கை விளைபொருளில் மருந்து எச்சத்தோடு பொய் எச்சமும் இருக்கக் கூடாது என்று அரசு விதி செய்த பிறகு, விதைப்பவர் முதல் சமைப்பவர் வரை எல்லோரும் காய்க்குப் பக்கத்தில் உண்மையே பேசினார்கள். கடைக்காரர்கள் பேரம் பேசுவதற்கு மட்டும் தெருவுக்கு வந்தார்கள்.

மதிவதனி சான்றளிப்புத் துறையில் புதிய ஆய்வாளர். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். எங்கே தப்பு செய்துவிடுவோமோ என்று எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். அன்றும் சாப்பிடாமலே முதல் பஸ்ஸில் இயற்கை விவசாயி பாவாயியின் காட்டுக்கு வந்து இறங்கினாள். மஞ்சள் பூசணிகள், அந்த ஊர்ப் பேச்சில் அரசாணிக்காய்கள், வரப்போரம் குவிந்திருந்தன. ஏற்றிப் போக லாரி நின்றது.

"வா அம்முணி, சாப்டியா?" என்றாள் பாவாயி.

"ஆச்சுங்கக்கா."

மதிவதனி எச்சம் காட்டும் கருவியை முதல் காயில் வைத்தாள். சிவப்பு எரிந்தது. அடுத்ததிலும் சிவப்பு.

"பொய் எச்சம்" என்றாள்.

பாவாயி லாரிக்கார ரங்கசாமியைப் பார்த்தாள். "நீ என்னத்தடா சொன்ன?"

"நான் வாயே தொறக்கலீங்கக்கா. மாமியார் வூட்டுல நிக்கற மாதிரி நிக்கறேன்."

சான்று கிடைக்காவிட்டால், மூன்று வருட மாற்றுக் காலம் முழுக்க மருந்தில்லாமல் காத்த காட்டைப் பாவாயி மறுபடி முதலிலிருந்து காக்க வேண்டும். அவள் காய்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதிவதனியின் வயிறு இரைந்தது.

"நாந்தாங்கக்கா" என்றாள். "நான் இன்னும் சாப்பிடல."

"அதச் சொல்றதுக்கென்ன கேடு?"

மதிவதனி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பொய் காட்டினுடையது அல்ல என்பதால் காயைத் திருத்தலாம் என்றார் மேலதிகாரி. பொய் சொன்னவரைத்தான் மாற்றுக் காலத்தில் வைக்க வேண்டும். மதிவதனி ஒவ்வொரு காயிடமும் குனிந்து, "நான் சாப்பிடல" என்றாள். ஒவ்வொன்றாகப் பச்சை எரிந்தது.

"போறனுங்க" என்றான் ரங்கசாமி, லாரியைக் கிளப்பிக்கொண்டே. "வருவனான்னு தெரியாது."

மாலைக்குள் மதிவதனி நின்ற இடத்தில் பலகை நட்டாயிற்று: 'மாற்றுக் காலம், முதல் ஆண்டு.' பக்கத்துக் காட்டுப் பேச்சு காற்றில் வந்து அவள்மேல் படாமலிருக்க, பாவாயி சுற்றிலும் அகத்தி ஊன்றினாள். பிறகு மண்வெட்டியோடு வந்து கேட்டாள்.

"பசிக்குதா, அம்முணி?"

"பசிக்குதுங்கக்கா."

பாவாயி வாய்க்காலை அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.