பன்மை விகுதி

ஐந்தரைக்கு மாமா எழுந்து குளியலறைக்குப் போவார். ஐந்தே முக்காலுக்கு அத்தை. ஆறு மணிக்கு என் முறை. நான் ஐந்துக்கே விழித்துவிடுவேன். ஆறு வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். என் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துத் தயாராக இருக்கும். அத்தை வைப்பது. ஆறேகாலுக்குக் காப்பி. ஆறரைக்கு மகளை எழுப்புவது அத்தை, பல் தேய்த்துவிடுவது மாமா, தலை பின்னுவது அத்தை, ஷூ மாட்டுவது மாமா. ஏழரைக்கு மேசையில் தட்டுகள் வரும். சாப்பிட்டதும் என் தட்டை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எட்டு மணிக்கு என் டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்புவேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயாவது குழாய்களுக்கு நானே மூடி போட விடுவார்கள்.

மாமாவும் அத்தையும் என் மனைவியின் பெற்றோர். அவள் இறந்த அன்று வந்தார்கள். இரண்டாவது மாதம் தங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். கட்டில் கூடத்தில் கிடக்கிறது. அதனால் என் அறைக் கதவு முழுதாகத் திறக்காது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் வெளியே வர வேண்டும். பதினாறு மாதமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கல்.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் அரைப்பிடி, காரம் ஒரு படி என்று அவள் அம்மா வைத்த பெயர். அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அவளுக்குப் பள்ளிக்கூடமே பத்து நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். சீக்கிரமாகவே அடுக்களைக்குப் போனேன். முட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"மிளகுக்கு முட்டை நான் பண்ணித் தர்றேன் அத்தை."

"அய்யய்யோ, நீங்க எதுக்கு மாப்பிள்ளை? போய் உக்காருங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?"

"ஒரு முட்டைதானே அத்தை."

"ஒண்ணுன்னா என்ன, முட்டை முட்டைதானே. எண்ணெய் தெறிக்கும். குடுங்க இப்படி."

கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். வாசலில் மிளகு நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாச்சி, அப்பாவுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமா?"

என்னைக் கேட்கவில்லை. நான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கும் ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோல அத்தையைக் கேட்டாள்.

"தெரியாம என்ன? அப்பாவுக்கு ஆயிரம் வேலை" என்றார் அத்தை. எனக்கு ஆயிரம் வேலை இல்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு வேலைகூட இல்லை.

பத்து மணிக்கு மாமாவின் போன் அடித்தது. மாமா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து நான்கு வருடம் சாட்சிகள் சொன்னதைப் பென்சிலால் பிடித்தவர். காது இப்போது கொஞ்சம் மந்தம், அதனால் போனில் சத்தம் முழுதாக வைத்திருப்பார். எதிர்முனையில் பேசியது அவரோடு வேலை பார்த்த டவாலி, நீதிபதிக்கு முன்னால் நடந்துபோகும் சேவகராக இருந்தவர். ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு சுற்றுலா போகும் ஒரு குழுவை நடத்துகிறார். கப்பலில் ஒன்பது நாள், நாலு தீவு.

"யோவ் சுருக்கெழுத்து! வர்றியா இல்லியா? ரெண்டு மணிக்குள்ள பேரு குடுத்தாகணும். உன் ரெண்டு சீட்டு மேல ரெண்டு கெழடுங்க கண்ணு வச்சிருக்கு."

"வரலப்பா. வேற யாருக்காவது குடு."

"போன வருசமும் இதையே சொன்ன. அடுத்த வருசம் நீ இருப்பியோ, கப்பல் இருக்குமோ!"

"பேத்திய யாரு பாத்துக்குவா?"

"அவ அப்பன் எங்க, காசிக்குப் போயிட்டானா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைப் படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அவருக்கு வேலை ஜாஸ்தி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிறகு மிளகைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்துக் காட்டினார். கதைப் புத்தகம் இல்லை. அந்தச் சுற்றுலாவின் நிகழ்ச்சி நிரல். நான்கு பக்கத் தாள். மடித்து மடித்து நடுவில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. அதைத்தான் தினமும் படிக்கச் சொல்லி அவள் கேட்பாள்.

"இரண்டாம் நாள். காலை ஏழரை. கப்பலின் மேல்தளத்தில்…"

"சிற்றுண்டி!" என்றாள் மிளகு.

"ஒன்பது மணிக்கு?"

"முதல் தீவு. தொப்பி அவசியம்."

"மூத்த குடிமக்கள்?"

"படிகளில் கைப்பிடியைப் பிடித்து இறங்கவும்."

இருவருக்கும் மனப்பாடம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தாளை மறுபடி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற மறுமாதம் போவதாக இருந்தது. இரண்டு தொப்பிகூட வாங்கியிருந்தார்கள். அந்த மாதத்தில்தான் என் மனைவி போனாள்.

இங்கே நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அன்று அவள் முட்டை வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனாள். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு லாரி. மருத்துவமனையில் அவள் பேசவில்லை. அத்தை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடைபாதையில் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னா? ஏதாவது சொன்னாளா?"

"பாத்துக்கோங்கன்னா" என்றேன்.

பொய் இல்லை. அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். அதற்கு முன்னால் இருந்ததை விட்டுவிட்டேன். ஒரு தாய் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல முடியவில்லை.

எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லாததால் ஆளுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். அவளுடைய பெரியம்மா, 'குழந்தைக்கு வேற அம்மா பாத்துக்கோங்க' என்றுதான் அர்த்தம் என்று சொல்லி, பதினேழாம் நாள் ஒரு பெண்ணின் போட்டோவோடு வந்தார். அத்தை அவரைக் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினார். அத்தையின் கணக்கில் அது 'பாப்பாவப் பாத்துக்கோங்க'. மாமா ஒரு படி மேலே போனார். இலக்கணமே சொன்னார்.

"எங்க முன்னாடிதான் உங்கள அவ வாங்க போங்கன்னுவா. தனியா இருக்கும்போது 'டா'தான். எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா மாப்பிள்ளை? மிளகு சொல்லிடுவா. அப்ப உங்களுக்கு மட்டும்னா 'பாத்துக்கோடா'ன்னு சொல்லியிருப்பா. 'ங்க'ன்னா பன்மை. எங்களையும் சேத்துத்தான் சொல்லிருக்கா."

அந்த 'ங்க'வுக்காக வீட்டைப் பூட்டினார்கள். கட்டில் வந்தது. கப்பல் போனது. என் பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்கத் தொடங்கினார்கள். அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் ஆனபோது அது அவர்களுடைய வார்த்தையாகிவிட்டது. பிடுங்கினால் அவர்களிடம் மகள் கொடுத்ததாக வேறெதுவும் இருக்காது. பிடுங்காவிட்டால் என் மகளுக்கு நான் விருந்தாளி.

ஒன்றேகாலுக்குச் சாப்பாடு முடிந்தது. என் தட்டு போய்விட்டது. மிளகு கட்டிலில் தூங்கினாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார்.

"நீங்க போயிட்டு வாங்க மாமா. லீவு போட்டு நான் இருக்கேன்."

"அதெல்லாம் வேணாம்."

"ஒம்பது நாள்தானே. நானும் அவளும் இருப்போம்."

"சமையல்?"

"நான் பண்ணுவேன்."

அடுக்களையிலிருந்து அத்தை சிரித்தார். கிண்டலாக இல்லை, அன்பாகத்தான். அது இன்னும் மோசம்.

"முட்டைய உடைக்கவே மூணு பேர் வேணும். தலை பின்னுவீங்களா? அவளுக்கு ராத்திரி கால் வலிக்கும், எந்தத் தைலம்னு தெரியுமா?"

தெரியாது.

"அவ சும்மாவா மாப்பிள்ளை சொல்லிட்டுப் போனா?" என்றார் மாமா. "பாத்துக்கோங்கன்னு சொன்னவள ஏமாத்திட்டுக் கப்பல்ல போய் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"அவ உங்கள சொல்லல மாமா."

சொல்லிவிட்டேன். திட்டம் எதுவும் இல்லை. அத்தை ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றார்.

"அடுப்புல ஒண்ண வச்சிட்டுப் போனா. அதப் பாத்துக்கச் சொன்னா. பாப்பாவ இல்ல. உங்கள இல்ல. அவ்வளவுதான்."

அடுக்களையில் குழாய் மூடப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை போய் மூடிவிட்டுத் திரும்பி வந்தார்.

"பாத்துக்கிட்டீங்களா?"

"இல்ல அத்தை. படிச்சிட்டு இருந்தேன். கருகிப் போச்சு."

"எந்தச் சட்டி?"

"நீங்க குடுத்தது."

"அது கனமான சட்டியாச்சே. லேசுல கருகாதே."

"ரொம்ப நேரம் ஆயிடுச்சு அத்தை. ஆளுங்க வந்து சொன்னதும் அப்படியே ஓடிட்டேன்."

அத்தை கட்டிலின் ஓரத்தில், மிளகின் காலருகே உட்கார்ந்தார். கையை முந்தானையில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பதினாறு மாசம்" என்றார். "ஒரு நாளாவது வாயத் தொறந்தீங்களா?"

"அன்னிக்கு நீங்க என் சட்டையப் பிடிச்சிட்டு இருந்தீங்க."

"அன்னிக்குச் சரி. மறுநாள்? நான் சட்டைய விட்டுட்டேனே."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது. நீதிமன்றத்தில் இப்படித்தான் பேசியிருப்பார் என்று தோன்றியது.

"நேரா உங்ககிட்டயா சொன்னா?"

"ஆமா. வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே."

"வேற யாரு இருந்தா?"

"மிளகு தூங்கிட்டு இருந்தா. நான் மட்டும்தான்."

"அப்ப அந்த 'ங்க'?"

"கோவம் வந்தா எனக்கு மரியாதை குடுப்பா மாமா. ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கா, நான் திரும்பல. மூணாவது தடவை 'ங்க' வந்துச்சு."

"எங்களுக்கு அதுல பங்கு இல்ல."

"இல்ல மாமா. அது எனக்கு மட்டும்."

இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. பதினாறு மாதத்தில் முதல் தடவை. எனக்கே சங்கடமாக இருந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கழுத்தின் பின்பக்கம் என் மனைவிக்கு இருந்ததைப் போலவே ஒரு குழி. அதற்கு முன் நான் கவனித்ததில்லை.

மணி ஒன்று நாற்பது.

"டவாலிக்குப் போனப் போடுங்க" என்றார் அத்தை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லுங்க. நம்மள யாரும் எதையும் பாத்துக்கச் சொல்லல."

"அத்தை…"

"தைலம் அலமாரில, மேல் தட்டு. பச்சை மூடி. முட்டி வரைக்கும் தேய்க்கணும், அதுக்கு மேல கூச்சப்படுவா. தலை பின்ன வரலேன்னா ரெண்டா பிரிச்சுக் கட்டிவிடுங்க, போதும்."

கோபமா, என்னிடம் ஒப்படைக்கிறாரா, தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். "பச்சை மூடி" என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது, வழக்கத்தைவிட அதிகமாக. பிறகு சட்டென்று நின்றது. எங்கள் பேச்சு காதில் விழும்படி நிற்கிறார் என்று தெரிந்தது.

மாமா போனை எடுத்தார். டவாலியிடம் நான்கு வார்த்தை பேசினார். அந்தப் பக்கம் "அப்படிப் போடு!" என்று கத்தியது வீடு முழுக்கக் கேட்டது. மிளகு புரண்டு படுத்தாள். மாமா போனை வைத்துவிட்டு மேசையிலிருந்த செய்தித்தாளை இழுத்தார். பென்சிலைத் தேடினார். காதில் இருந்தது. விளம்பரத்துக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்த ஒரு ஓரத்தைக் கையால் நீவினார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. அவ சொன்னபடியே. முன்னாடி பின்னாடி எதையும் விடாம."

"அதுல என்னைத் திட்டியிருக்கா மாமா."

"திட்டினதையும் சேத்துத்தான்."

மாமா பென்சிலைத் தாளில் வைத்துக் காத்திருந்தார். நான் சொன்னேன், அவர் எழுதுவதற்குத் தோதாக, மெதுவாக.

"புத்தகம் எங்கயும் ஓடிப் போயிடாது தொரை. அடுப்புல வெங்காயம் வதங்குது. நான் முட்டை வாங்கிட்டு வர்ற வரைக்கும் கருகிடாம கொஞ்சம் பாத்துக்கோங்க."