மூன்றாம் வகுப்பின் மௌன வியாபாரம்

மூன்றாம் வகுப்பில் தொழில்முனைவோர் பாடம் தொடங்கிய மாதமே, லொடலொடா என்று பேரெடுத்த சிறுமி தன் வீட்டு மௌனத்தைச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தாள். டப்பா இரண்டு ரூபாய். மூடி லூசாக இருந்தால் ஒரு ரூபாய்.

பிள்ளைகள் வாய்ப்பாடு கற்பதற்கு முன்பே முதலாளி ஆகிவிட வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. பாடம் நடத்தும் பொறுப்பு கணக்கு வாத்தியார் தலையில் விழுந்தது. அவர் மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் மூடியவர் என்பதால், ஆசிரியர் அறையிலேயே அனுபவஸ்தர் அவர்தான். "உங்க வீட்ல எது மிச்சமா கெடக்குதோ அதான் மூலப்பொருள். அது யார்கிட்ட இல்லையோ அவங்கதான் வாடிக்கையாளர்" என்றார். மறுநாள் பிள்ளைகள் பழைய பொத்தான், உடைந்த குடை என்று கொண்டுவந்தார்கள். ஒருவன் தம்பியையே கூட்டிவந்து, விலை படியாததால் மாலையில் திரும்ப அழைத்துக்கொண்டு போனான்.

லொடலொடா வீட்டில் மிச்சமாகக் கிடந்தது மௌனம்தான். அப்பா ஒருநாள் அம்மாவின் தையல் மெஷினை விற்றுச் செல்போன் கவர் கடை போட்டார். வருஷம் திரும்புவதற்குள் கடைக்கு ஷட்டர் இறங்கியது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேசாத பேச்செல்லாம் பீரோ மேலும் பிரிட்ஜுக்குப் பின்னாலும் பஞ்சுபோல் படிந்து, சாப்பாட்டு மேஜைக்கடியில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. கரண்டி கீழே விழுந்தாலும் சத்தம் வராது. "கேஸ் தீந்துபோச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு", "நாளைக்கு வருதுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் தூக்கிச் சுமந்துதான் அவளுக்கு வாய் அத்தனை நீளமாகியிருந்தது.

குழிக்கரண்டியால் அள்ளி, சட்டென்று மூட வேண்டும். இல்லாவிட்டால் அள்ளுகிறவள் தொண்டைக்குள் கொஞ்சம் போய்விடும். டப்பாவைத் திறந்தால் ஓர் அறைக்கு அரைநாள் தாங்கும். கைக்குழந்தைக்காரி வாங்கினாள். மாவு மில்காரர் மதியத் தூக்கத்துக்கு வாங்கினார். நாலாம் வகுப்பு டீச்சர் மொத்தமாக வாங்கினார். மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் கையை விரித்தார். "எங்கிட்டயே குடோன் மாதிரி குமிஞ்சு கெடக்கு கண்ணு. மொத்த விலைக்கு வேணும்னா அள்ளிட்டுப் போ." அவள் உள்ளே போய்ச் சரக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் அதிகமாக இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டாள்.

சேர்த்த காசில் தையல் மெஷினைத் திரும்ப வாங்கி நடுவீட்டில் வைத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பது அவள் திட்டம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

திட்டம் பலிக்கும் நேரமும் வந்தது. கல்வி அதிகாரி வருகிற நாளில் பள்ளிக்கூடம் முழுக்க அமைதியாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் வகுப்புக்கு ஒரு டப்பா ஆர்டர் கொடுத்தார். அந்தப் பணம் வந்தால் மெஷின் வந்தமாதிரிதான். ஆனால் வீட்டில் சரக்கு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஆர்டர் கிடைத்த மறுநாள் காலை கரண்டி விழுந்து கணீரென்றது. அப்பா இருமியது அடுத்த அறையில் கேட்டது. வழித்து எடுத்தும் ஒரு டப்பாதான் தேறியது.

வாத்தியார் யோசனை சொன்னார். "கடைசி டப்பாவ விக்காத. அத வீட்லயே தெறந்து விடு. அது முதலீடு. மறுபடி குட்டி போடும்."

சாயங்காலம் அவள் மேஜைக்கடியில் டப்பாவோடு உட்கார்ந்து மூடியில் விரலை வைத்தாள். அப்போதுதான் அம்மா, பருப்பு டப்பாவைப் பார்த்துச் சொல்வதுபோல், இரண்டு வருஷமாக வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"மெஷின விக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா குடுத்திருக்க மாட்ட."

"அதுக்குத்தான் கேக்கணும்."

அப்பா கொஞ்ச நேரம் துண்டை மடித்தார். "தெருமுனை டெய்லர்கிட்டதான் இருக்கு. அதப் பாக்க முடியாமத்தான் தினம் பின்தெரு வழியா சுத்திட்டுப் போறேன்."

"தெரியும். எல்லாருக்கும் தெரியும். செருப்பு தேயறதுதான் மிச்சம்."

பிறகு கடை, கவர், அத்தை கல்யாணத்தில் யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பியது என்று சண்டை சூடு பிடித்தது. இனி ஒரு நொடி தாமதித்தால் வியாபாரம் போச்சு என்று லொடலொடாவுக்குத் தெரிந்தது. மெஷினும் போச்சு. அவள் மூடியை இன்னும் இறுக்கி, டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டு, மேஜைக்கடியிலேயே படுத்துச் சண்டையைக் கேட்டாள். பாதியில் தூங்கிவிட்டாள்.

பள்ளிக்கு அந்த ஒரு டப்பாதான் போனது. தலைமையாசிரியர் அதை மேடையில் திறந்தார். அதிகாரி முக்கால் மணி நேரம் வாயசைத்தார். அந்தப் பள்ளியில் நடந்த உரைகளிலேயே அதுதான் சிறந்தது என்று பெற்றோர்கள் இன்றும் சொல்கிறார்கள். தொழில்முனைவோர் பாடத்தில் லொடலொடா பெயில். நன்றாக ஓடிய தொழிலைச் சரக்கு இல்லாமல் மூடியதாக வாத்தியார் எழுதினார். எழுதிவிட்டு, பழைய சகாவைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அடுத்த மாதம் அம்மா தெருமுனை டெய்லரிடம் அரைநாள் வேலைக்குச் சேர்ந்து, தன் பழைய மெஷினிலேயே உட்கார்ந்தாள். அப்பா நேர்த்தெரு வழியாகவே போகிறார். போகிறபோது அங்கே நின்று ஒரு வாக்குவாதம் முடித்துவிட்டுத்தான் போகிறார். வீட்டில் பேச்சு வழிந்து, வீட்டுப்பாடம் எழுத இடமில்லை.

"எங்கயாவது மௌனம் கெடச்சா ஒரு டப்பா வாங்கிட்டு வாடி, தலை வலிக்குது" என்றாள் அம்மா ஒருநாள்.

"நான் அந்தத் தொழில விட்டுட்டேம்மா" என்றாள் லொடலொடா, மேஜைக்கடியில் சிதறிக்கிடந்த சளசளப்பைக் குழிக்கரண்டியால் அள்ளியபடி. மாடியில் தபால்காரர் தினம் இரண்டு டப்பா கேட்டிருந்தார். மூடி லூசாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார்.