பட்டினி வரிசை

ஒச்சாயி கூண்டுத் தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து முடித்தபோது ஆலையில் மத்தியானச் சங்கு ஊதியது. எமர்ஜென்சி முடிந்த வருஷம். மதுரையில் கோச்சடைக்கு மேற்கே ஓர் அறக்கட்டளையின் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கென்று தனி அறை இருந்தது. கூண்டு கழுவுகிறவள் உட்கார்ந்து சாப்பிட இடம் இல்லை, வராந்தா ஆபீஸ்காரர்களுக்கு. தை பிறந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நினைப்பில் எலி அறையிலேயே தூக்குவாளியைத் திறந்தாள்.

முதல் இரண்டு வரிசை எலிகள் பால்பவுடரும் கடலையும் தின்று கொழுத்தவை. தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காது. மூன்றாம் வரிசை கிழட்டு எலிகள். அவற்றுக்கு வெறும் மரவள்ளி மாவு. சத்தைக் குறைத்தால் வயதான உடம்பில் ரத்தம் ஊறுமா என்பது டாக்டர் ஹாலாஸ்யத்தின் ஆராய்ச்சி. வாளி திறந்ததும் அவை கம்பியில் மூக்கை வைத்து அவள் வாயையே பார்க்கும்.

பார்க்க வைத்துத் தின்றால் வயிறு வலிக்கும். ஊரறிந்த விஷயம், ஆராய வேண்டியதில்லை. "இந்தா, கண்ணு வைக்காதிய" என்று கூண்டுக்கு ஒரு கிள்ளு கேப்பைக் களியும் கருவாடும் போட்டுவிட்டுத்தான் தன் வாயில் வைப்பாள். தினமும் அப்படித்தான்.

எலி வாலில் எடுத்த ரத்தத்தைச் சோதித்த ஹாலாஸ்யம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பட்டினிக் கிழங்களுக்குச் சிவப்பணு கூடியிருந்தது. "முதுமை என்பது இல்லாமையிலிருந்தே ரத்தம் சமைக்கும் பக்குவம்" என்று அறக்கட்டளைக் கூட்டத்தில் பேசினார். பேசிய கையோடு பாதாம்பால் குடித்தார். கட்டுரை டெல்லி மாநாட்டுக்குப் போனது.

அவர் புறப்பட வேண்டிய அன்று, ஆராய்ச்சி மாணவி ஸ்யாமளா இடுக்கியில் எதையோ பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சார், மூணாம் வரிசைக் கூண்டுல கெடந்தது. கருவாட்டு முள்ளு."

ஹாலாஸ்யம் கண்ணாடியைப் போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். முள்ளைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஒச்சாயிய வரச் சொல்லு."

ஒச்சாயி கதவோரம் வந்து நின்றாள்.

"எலிக்கு என்ன போட்டே?"

"ஒரு கிள்ளு களியும் கருவாடுந்தேன் சார். பாத்துக்கிட்டே இருக்குதுக. நா மட்டும் எப்படித் திங்க?"

"குடுத்தேன்னு யார்ட்டயும் சொல்லாதே. இனிமே உன்னை இங்க வெச்சுக்க முடியாது, அனுப்ப ஒரு காரணம் வேணும். பால்பவுடர் குறையறதுன்னு ஆபீஸ்ல பேச்சு இருக்கு. அதை நீதான் எடுத்தேன்னு சொல்லிடு. போலீஸுக்குப் போகாம நான் பாத்துக்கறேன்."

"நா எடுக்கலயே சார். எம் பங்குலருந்துல்ல குடுத்தேன்."

"அதைத்தாம்மா சொல்லாதேங்கறேன்." குரலைத் தணித்தார். "குடுத்தேன்னா என் நாலு வருஷ உழைப்பு போயிடும். எடுத்தேன்னா உனக்கு வேலை மட்டுந்தான் போகும்."

"தையில நெரந்தரம்னு சொன்னீகளே சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்யாமளா, துடைத்து வைத்திருந்த மைக்ராஸ்கோப்பை மறுபடி துடைத்தாள்.

"எடுத்தேன்" என்றாள் ஒச்சாயி, தரையைப் பார்த்து.

வாசலில் காவலாளி விருமாண்டி மறித்தான். அவளுக்குக் கொழுந்தன் முறை.

"கோவிச்சுக்கிறாதிய மதினி. சோதிச்சுத்தேன் அனுப்பணுமாம். கையைத் தூக்குங்க."

"சோதிய்யா. எலிக்கே பங்கு வச்சவ, ஒனக்கா ஒளிக்கப் போறேன்?"

அவள் இரண்டு கைகளையும் தூக்கி நின்றாள். ரோட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். விருமாண்டி மடியைத் தடவினான். வாளிக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்தான்.

"பால்பவுடர் இல்ல. கருவாட்டு வாடைதேன்."

பின்னால் ஹாரன் அடித்தது. ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட ஹாலாஸ்யத்தின் அம்பாசிடர். விருமாண்டி வாளியைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தான். கருவாட்டு வாடை அடித்த அந்தக் கையாலேயே சல்யூட் அடித்தான். ஒச்சாயி ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவளைக் கையை இறக்கச் சொல்ல அவன் மறந்துவிட்டான்.