பாடும் ஃபிரிட்ஜும் நாற்பத்தொரு கோப்புகளும்

என் ஃபிரிட்ஜ் தினமும் மதியம் ஒன்றரைக்குத் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் சந்தோஷத்தில் இரண்டு நிமிடம் பாடும். நிறுத்தப் பொத்தான் இல்லை. ஒலிபெருக்கி கதவுக்குள் புதைந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலோ, மறுபடி செருகியதும் முதல் வேலையாகப் பரிசோதனை, பிறகு பாட்டு.

ஜெர்மனியின் காஸல் நகரத்தில் எங்கள் குடியிருப்பில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை சத்தமே கூடாத அமைதி நேரம். அதைக் காவல் காப்பவர் கீழ்வீட்டு உல்ஃப் பிராண்ட்ஹோர்ஸ்ட். இரண்டு புகார்க் கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் ஃபிரிட்ஜ் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் நான்.

ஃபிரிட்ஜோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 212ஆம் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் விடை இருந்தது. ஒலிபெருக்கியை இயக்கும் மென்பொருள் திறந்த மூல உரிமத்தில் வந்ததாம். அதாவது, யாரோ எழுதி உலகத்துக்கே கொடுத்தது. அதை எடுத்துப் பயன்படுத்தும் நிறுவனம், கேட்பவருக்கு அந்த நிரலைக் கொடுத்தாக வேண்டும். வாங்கியவர் அதைத் திருத்திக்கொள்ளலாம். தபாலில் கேட்டேன்.

மூன்றாம் வாரம் லாரி வந்தது. நிரல் முழுவதையும் காகிதத்தில் அச்சடித்து, ஓட்டை போட்டு, பக்க எண்ணிட்டு, பொருளடக்கத்தோடு நாற்பத்தொரு கோப்புகளாக அனுப்பியிருந்தார்கள்.

உல்ஃப் மேலே வந்தார். கையில் மூன்றாவது கடிதம்.

"படிக்கட்டுல சாமான் வைக்கக் கூடாது, வீப்கே மேடம். விதி ஏழு."

"சாமான் இல்ல சார், என் ஃபிரிட்ஜோட மூளை."

"இவ்வளவு மூளை இருந்தும் அதுக்கு மணி பாக்கத் தெரியலையா?"

"உரிமப்படி அனுப்பியிருக்காங்க. இதை எப்படித் திருப்பி உள்ள ஏத்தறதுன்னுதான் தெரியல."

"உரிமமா? எங்க, குடுங்க."

படியிலேயே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார்.

"மூணாம் பிரிவைப் பாருங்க. கணினி படிக்கிற வடிவத்துல தரணுமாம். காகிதத்தைத் தூக்கிக் குடுத்திருக்கான். நிரலைக் கட்டமைக்கிற, நிறுவுற கட்டளைகளும் தரணுமாம். அது எங்க? விதியை மீறிட்டாங்க மேடம்."

அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததே இல்லை. கையிலிருந்த கடிதத்தில் என் பெயரை அடித்துவிட்டு நிறுவனத்தின் பெயரை எழுதினார்.

நான்காம் நாள் ஒரு பென்டிரைவ் வந்தது. ஒலி அளவு 9 என்றிருந்த வரியில் 0 என்று மாற்றினேன். கூடவே வந்த கட்டளைகளை ஓட்டி நிரலைக் கட்டமைத்து, பென்டிரைவை ஃபிரிட்ஜின் பின்பக்கம் செருகி ஏற்றினேன். ஒன்றரைக்கு உல்ஃப் ஃபிரிட்ஜ் கதவில் காதை வைத்து நின்றார்.

பாட்டு இப்போதும் தினமும் இரண்டு நிமிடம் ஓடுகிறது, ஒலி அளவு பூஜ்யத்தில்.