நூடுல்ஸுக்குக் கத்திரிக்காய்

சீனாக்காரன் மனதைப் படிக்க அவன் மொழி தெரிய வேண்டியதில்லை, அவன் சாப்பிடும் குச்சியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். அப்படிப் பிடிக்கத் தெரிந்தவன் வாணியம்பாடி வட்டாரத்திலேயே தான் ஒருவன்தான் என்று மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஆகிப் அறிவித்துக்கொண்டே வந்தான்.

காரணம் இருந்தது. தோல் கம்பெனி முதலாளி லத்தீப் பாய், அடுத்த மாதம் சீனாவில் நடக்கும் தோல் கண்காட்சிக்குத் தன்னிடம் வேலை பார்ப்பவர்களில் ஒருவனைக் கூட்டிப்போவதாக இருந்தார். ஆகிப்பா, நவீன்குமாரா என்பது முடிவாகவில்லை. போன வருடம் போனவன் அங்கே சோறு சோறு என்று ஏங்கிப் படுத்துவிட்டதில் ஓர் ஆர்டரே கைநழுவியது. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் காரில் ஏற்றி, ஜமுனாமரத்தூரில் அருள்மணி புதிதாகத் திறந்திருக்கும் சைனீஸ் கடைக்குக் கொண்டுவந்தார். வாணியம்பாடியிலும் நூடுல்ஸ் உண்டு. ஆனால் பக்கத்திலேயே பிரியாணியும் இருக்கும், பரீட்சை கெட்டுவிடும்.

முட்டை நூடுல்ஸ் மூன்று தட்டு வந்தது. நவீன்குமார் தன் தட்டைச் சுற்றிலும் தேடினான். படவேட்டுக்காரன்தான்; ஆனாலும் வாணியம்பாடி பிரியாணிக்குப் பழகியதிலிருந்து, கூட வரும் கத்திரிக்காய் இல்லாமல் அவனுக்கு எதுவும் இறங்குவதில்லை.

"அண்ணா, கத்திரிக்கா இன்னும் வரல."

அருள்மணி நூடுல்ஸைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இதுக்கா?"

"எதுக்கா இருந்தா இன்னாங்க?"

"டேய் நவீனு, சீனாக்காரன் பாத்தா விசாவக் கிழிச்சிடுவான்டா," என்றான் ஆகிப். "அங்க போயும் இதக் கேப்பியா? அப்படியே தால்ச்சாவும் கேளு."

"இருந்தா குடுப்பான். இல்லாட்டி இல்லம்பான். அடிக்கவா போறான்?"

அருள்மணி தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கத்திரிக்காய்க் காரக்குழம்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். நவீன்குமார் அதில் பாதியை நூடுல்ஸ்மேல் ஊற்றிக் கையால் பிசைந்தான். முதலாளி கவனிக்கும்படியாக ஆகிப் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குச்சிகளை எடுத்தான்.

வீட்டில் ஒரு வாரமாக இரண்டு பென்சிலால் ரப்பர் பேண்டை எடுத்துப் பழகியிருந்தான். ரப்பர் பேண்டில் எண்ணெய் கிடையாது. நூடுல்ஸ் ஒவ்வோர் இழையாக ஏறியது, பாதி வழியில் இறங்கியது. ஒரு முட்டைத் துண்டு பாயின் தண்ணீர் டம்ளருக்குள் போய் விழுந்தது.

"அங்கெல்லாம் மெதுவாத்தான் சாப்புடுவாங்க பாய்."

"ரொம்ப மெதுவாத்தான் சாப்புடுவாங்க போலருக்கு," என்ற லத்தீப் பாய், ஸ்பூனால் தன் தட்டைக் காலி செய்தார். பிறகு சொன்னார்: "ஆகிப், நீயே வா. நவீனக் கூட்டிப்போனா கத்திரிக்கா தேடியே பொழுது போயிடும்."

நவீன்குமார் பிசைவதை நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தான்.

"ஆனா ஒண்ணு," என்றார் பாய். "மூணு வேளையும் தோல் வாங்கற பார்ட்டிங்களோட உக்காந்து இதத்தான் சாப்புடணும். பத்து நாளு."

"சரிங்க பாய்," என்றான் ஆகிப். குரல் வயிற்றிலிருந்து வரவில்லை. அங்கே ஒன்றும் இல்லை.

டவர் கிடைக்கிற இடம் தேடி, போனோடு பாய் வெளியே போனார். ஆகிப் குச்சிகளைத் துடைத்து ஓரமாக வைத்தான்.

"அத இப்படித் தள்ளுடா."

"எத?" என்றான் நவீன்குமார், நன்றாகத் தெரிந்தே.

ஆகிப் எட்டிக் கிண்ணத்தை எடுத்தான். மிச்சக் குழம்பை, அடியில் கிடந்த காம்போடு சேர்த்துத் தட்டில் கவிழ்த்தான். ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு, ஐந்து விரலாலும் பிசைய ஆரம்பித்தான்.