எழுந்து நின்று தட்டியவர்கள்

இருபது வருடமாக மாநாடு மாநாடாகப் போய்வந்த அஞ்சலை, தலைவர் பேச்சை ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. அவள் வேலை பேச்சைக் கேட்பதல்ல, துண்டைப் பார்ப்பது. தலைவர் வலத்தோள் துண்டை எடுத்து இடத்தோளில் போட்டால் கட்சிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். ஆளுங்கட்சியில் அது எழுதாத சட்டம். வட்ட மகளிரணி அமைப்பாளரான அஞ்சலை எழுந்தால், அவள் கூட்டிவந்த பெண்கள் அத்தனை பேரும் எழுவார்கள். மேடையிலிருந்து பார்த்தால் அவள் வரிசைதான் முதலில் எழும்பும். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பூந்தமல்லி மாநாட்டுக்கு, நெமிலிச்சேரியில் தான் குடியிருக்கும் ஏரிக்கரைத் தெருவையே வேனில் ஏற்றினாள். பிரியாணிக்கும் புடவைக்கும் ஆள் வந்த காலம் மலையேறிவிட்டது. கரையில் இருக்கும் வீடுகளுக்குத் தலைவர் பட்டா அறிவிக்கப் போகிறார் என்று பகுதிச் செயலாளர் பூபாலன் சொல்லியிருந்தார். அஞ்சலை அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லி, தானே பொறுப்பு என்று சத்தியமும் செய்தாள். பக்கத்து வீட்டு யுவராணி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வந்தாள்.

தலைவர் ஏரிகளைப் பற்றித்தான் பேசினார். ஏரி என்ற சொல் விழுந்ததுமே அஞ்சலை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கண்ணை மட்டும் துண்டிலிருந்து எடுக்கவில்லை. துண்டு தோள் மாறியது. அவள் துள்ளி எழுந்தாள், தெருவே எழுந்தது, கை சிவக்கத் தட்டியது. பட்டா வந்துவிட்டது என்றே நினைத்து அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. கேமராக்காரன் அந்தக் கண்ணீரை நெருக்கமாகப் பிடித்துக்கொண்டான்.

திரும்பும்போது யுவராணி செல்போனில் பேச்சை மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேன் பருத்திப்பட்டைத் தாண்டியதும் வாய் திறந்தாள்.

“அக்கா, கரைமேல கீற ஊட்டையெல்லாம் எடுத்துட்டு ஏரிய மீட்கப்போறேன்றாரு. ஒரு ஊட்டக்கூட உடமாட்டாராம். அதுக்காக்கா நாம எந்திரிச்சு தட்னோம்?”

“அது வேற ஏரிமா. சொம்மா இரு.”

அஞ்சலை பூபாலனுக்குப் போன் போட்டாள். “வரலாறு படைச்ச பேச்சும்மா, நீ டிவில சூப்பரா வந்துகீற” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். கட்சி வாட்ஸ்அப் குழுவில் ரோஜாவும் கும்பிடுமாகக் கொட்டிக் கிடந்தது. வீடுகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் அவள் கொழுந்தன் செல்வகுமார் அந்த வீடியோவைப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். அவன் எதிர்க்கட்சி.

“ஊட்ட இடிக்கிறேன்னு சொல்றாரு, எங்க அண்ணி அழுதுகினே தட்டுது பாரு.”

“உங்காளு உளறும்போது நீ விசிலடிக்கல?” அஞ்சலை அவன்மேல் பாய்ந்தாள். “எங்க தலைவரு பேச்சுல ஆயிரம் அர்த்தம் கீது. உனக்கு இன்னா தெரியும்?”

யுவராணி சொன்னது நிஜமாக இருக்குமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. வாய் மட்டும் தலைவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவன் வீடும் அதே கரையில்தான். அவள் கட்சி அசிங்கப்பட்ட சந்தோஷத்தில் அது அவனுக்கு உறைக்கவே இல்லை. என்ன ஜென்மங்களோ.

அடுத்த வாரம் தாலுகா ஆபீஸ்காரர்கள் வந்து சுவர்களில் சிவப்புப் பெயின்டால் எண் போட்டார்கள். செல்வகுமார் சுவரிலும் போட்டார்கள், அவன் சிரிப்பு நின்றது. அஞ்சலை ஓடிப்போய் அதிகாரி முன் நின்றாள். அவர் அவளை உற்றுப் பார்த்தார்.

“டிவில பார்த்தேனேம்மா. நீங்க எல்லாரும் சந்தோஷமாத்தானே வரவேற்றீங்க?”

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பூபாலன் வீட்டில் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள்.

“திருநின்றவூர் தாண்டி மாத்து எடம் குடுப்பாங்கன்னு பேசிக்கிறாங்க,” என்றார் அவர். “நம்மாளுங்கன்னு தெரிஞ்சாத்தான நான் கேக்க முடியும்? ஞாயித்துக்கெழம தலைவருக்குப் பாராட்டு விழா, ஏரிய மீட்டதுக்கு. உன் தெரு முன்வரிசைல இருக்கணும்.”

அந்த முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பினால் மாற்று இடமும் போய்விடும். டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

யுவராணி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை.

“வந்தா எடம் குடுப்பாங்களாக்கா?”

“குடுப்பாங்க.”

யுவராணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். துளியும் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கோபப்பட்டுக் கத்துவாள், நாலு வார்த்தை திட்டுவாள், தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அஞ்சலை நின்றிருந்தாள்.

“சரிக்கா, வர்றேன்,” என்றாள் யுவராணி. “எப்ப தட்டணும்னு மட்டும் சொல்லு.”