தலையாட்டும் மர ஆசாமி

மூன்று மாதமாகச் சமையலறை அலமாரிக் கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தவர் வீட்டுக் கதவுகளையெல்லாம் நிமிர்த்தி வைக்கும் தச்சர், சொந்த வீட்டுக் கதவை மட்டும் கண்டும் காணாமல் நடப்பார். மனைவி நச்சரித்தால் தலையை ஆட்டுவார். ஆட்டுவதில் மட்டும் அவரை ஒரு குறை சொல்ல முடியாது.

இப்போது நல்ல சாக்கும் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருக்கும் மனைவியின் அண்ணன், ஆளுயர மரப் பொம்மை ஒன்று கேட்டிருந்தார். உடம்பின் மூட்டுகள் எப்படி அசைகின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

"அண்ணன் ஒரு குறையும் சொல்லாம எடுத்துக்கிட்டா, கதவுப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஒரே ஒரு குறை வந்தாலும் அன்னிக்கே கதவை மாட்டணும். சரியா?" என்றாள் மனைவி.

தச்சர் தலையை ஆட்டினார். இந்த முறை மனதார.

பத்து நாள் பட்டறையே கதியென்று கிடந்தார். தோளுக்கும் இடுப்புக்கும் கிண்ணத்தில் உருளும் மர உருண்டைகள். முழங்காலுக்குக் கீல்கள். கழுத்துக்கோ, மேலும் கீழும் ஆட ஒன்று, பக்கவாட்டில் திரும்ப ஒன்று என்று இரண்டு இணைப்புகள். வலது முழங்கைக்கு மட்டும் கீல் பற்றவில்லை. அலமாரிக்கென்று மனைவி வாங்கி வைத்திருந்த புதுக் கீலைச் சத்தமில்லாமல் எடுத்துப் பூட்டிவிட்டார்.

வாத்தியார் வந்து பொம்மையின் கையைச் சுழற்றிப் பார்த்தார். காலை மடக்கினார். அது பின்னால் மடங்கியது, முன்னால் மடங்க மறுத்தது. தலை ஆடியது, திரும்பியது.

"மாப்ளே, அசத்திட்டீங்க போங்க!"

தச்சருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி மட்டும் அந்த வலது முழங்கையையே குனிந்து பார்த்தாள். பார்த்த கீலாயிற்றே! பிறகு ஒரு திருப்புளியை எடுத்துப் பொம்மையின் விரலிடுக்கில் செருகினாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் திருகச் சொல்லுங்க."

வாத்தியார் பொம்மையின் முழங்கையை மடக்கி முயன்று பார்த்தார். மொத்தக் கையும் இங்குமங்கும் ஆடியதே தவிர, உள்ளங்கை புரளவில்லை.

"அடடா! முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு மாப்ளே. ஒண்ணு மேல ஒண்ணு புரண்டாத்தான் உள்ளங்கை திரும்பும். நீங்க ஒரே கட்டையில முடிச்சிட்டீங்களே!"

தச்சர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடமாகத் திருகித் திருகிச் சோறு போட்ட கை. அதைப் போய் மறந்தோமே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தலை ஜோரா ஆடுது. திருப்புளி மட்டும் திருக மாட்டேங்குது. அச்சு அசல் நீங்களேதான்!" என்றாள் மனைவி.

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். தச்சர் முழங்கைக் கீலைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கால் மணி நேரத்தில் கதவு நேராக நின்றது.

"மறுபடியும் தொங்காதுல்ல?" என்று கேட்டாள் மனைவி.

தலையை ஆட்டப் போனவர், வாசலில் நின்ற மர ஆசாமியைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"தொங்காது," என்று வாயைத் திறந்து சொன்னார்.